எட்டாம் கட்டிலின் காலித் தட்டு

தமிழ்ச்செல்வியிடம் பயிற்சிக்கு வரும் பெண்கள் முதல் வாரத்திலேயே ஒன்றைத் தெரிந்துகொண்டுவிடுவார்கள். 'போலிருக்கிறது' என்ற சொல்லை அவள் காதில் விழவைக்கக் கூடாது. விழவைத்தால் அன்றைக்கு முழுக்க வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஒருத்தி ஒருமுறை, நோயாளி பலவீனமாக இருப்பதுபோல் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு வந்து நீட்டினாள்.

"ஆளைப் பாத்துட்டு வந்து எழுதுனியா, இல்ல வாசல்ல குறி கேட்டுட்டு வந்து எழுதுனியா?" என்றாள் தமிழ்ச்செல்வி. "கையைப் புடிச்சுப் பாத்தியா? எடை போட்டியா? போட்டேன்னா பலவீனம்னு எழுது. போடலைன்னா போய்ப் போட்டுட்டு வா."

அந்தப் பெண் அழுதுகொண்டே போய் எடை போட்டுவிட்டு வந்தாள். அடுத்த மாதம் அதே பெண் எழுதிய குறிப்பைப் பெரிய டாக்டர் ஒருவர் நின்று படித்துவிட்டுப் போனார். அதற்கும் அழுதாள். அது வேறு அழுகை.

தமிழ்ச்செல்வி ஒரு டயட்டீஷியன். மாட்டுத்தாவணியைத் தாண்டி மேலூர் சாலையில் இருக்கிற தனியார் ஆஸ்பத்திரியில், யாருக்கு என்ன சாப்பாடு, எவ்வளவு, எந்த வழியாக என்று முடிவு செய்து நோயாளியின் ஃபைலில் எழுதிவைப்பது அவள் வேலை. கல்லூரிகளிலிருந்து வரும் மாணவிகளுக்கு அந்த எழுத்து வேலையைக் கற்றுக்கொடுப்பதும் அவள் தலையில்தான் விழுந்தது. சமையற்கட்டை ஒட்டிய சின்ன அறையில் மத்தியான ரவுண்ட்ஸ் முடிந்ததும் பெண்களை உட்காரவைத்து, அவரவர் எழுதியதைச் சத்தமாக வாசிக்கச் சொல்வாள். சந்தேகமாக ஒரு சொல் வந்தால் போதும், சிவப்புப் பேனா பாய்ந்துவிடும். போகும்போது எல்லோருக்கும் ஒரே மந்திரம்: "எழுதாதது நடக்காதது. நீ நாள் பூராம் நோயாளிக்குச் செஞ்சிருப்ப. ஃபைல்ல இல்லைன்னா நீ அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கே வரல."

சும்மா சொல்லக் கூடாது, அந்தக் கோபம் ஆகாயத்திலிருந்து குதித்து வந்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளை டாக்டர்கள் 'சாப்பாட்டு மேடம்' என்பார்கள். இட்லி சூடாக இல்லை என்று புகார் சொல்ல மட்டும் கூப்பிடுவார்கள். அவள் எழுதிய குறிப்பைப் புரட்டிவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவார்கள். அறுவை டாக்டர் ஒருவர் நோயாளிகள் முன்னாலேயே கேட்டார்: "இருக்கலாம், இருக்கலாம்னு எழுதியிருக்கீங்களே, இந்த 'இருக்கலாம்'ஐ நம்பி நான் கத்தியை எடுக்கவா, வைக்கவா?" அன்று அவள் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் நின்று அழுதாள். அழுது முடித்து முகத்தைக் கழுவிய கையோடு 'இருக்கலாம்'ஐயும் கழுவிவிட்டாள். வருடங்கள் போகப் போக, டாக்டர்கள் ஃபைலைத் திறந்ததும் அவள் குறிப்பு எழுதும் மஞ்சள் தாளைத் தேடுகிற நிலை வந்தது. அந்தப் பெருமையை அவள் வெளியில் காட்டியதில்லை. உள்ளே நிறைய வைத்திருந்தாள்.

வீடு மேலூரில். கணவன் அசோக்குமாருக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை. விடிவதற்குள் அவர் போய்விடுவார். இவள் மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு பஸ் ஏறுவாள். ஊருக்கெல்லாம் கிராம் கணக்கில் சோறு அளந்து கொடுக்கிறவள், தன் டிபன் பாக்ஸைப் பாதி நாள் திறக்காமலேயே வீட்டுக்குக் கொண்டுபோவாள். யாராவது சாப்பிட்டீர்களா என்று கேட்டால், "ஆச்சு" என்பாள். நாமும் அப்படித்தானே. சாப்பிட்டீர்களா என்று கேட்டவரிடம் இல்லை என்று சொல்லி அவர் மனசைச் சங்கடப்படுத்துகிற வழக்கம் இந்தப் பக்கத்தில் கிடையாது.

அந்த வருடம் வந்த மாணவிகளில் முனீஸ்வரி ஒருத்தி. கொட்டாம்பட்டிப் பக்கம் சின்ன ஊர். வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். நோயாளிகளிடம் நன்றாகப் பேசுவாள். கட்டிலில் உட்கார்ந்து பேன் பார்த்துவிடாத குறைதான். ஆனால் பேனாவை எடுத்தால் கை நின்றுவிடும். ஒரு வரி எழுதுவாள், அடிப்பாள், மறுபடி எழுதுவாள். "எழுதுனா அது உண்மையாயிருமே மேம், தப்பாயிருந்தா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டாள். மற்ற பெண்கள் சிரித்தார்கள். தமிழ்ச்செல்விக்குச் சிரிப்பு வரவில்லை. அரிசி மூட்டைக்குப் பின்னால் நின்ற தன்னையே பார்த்தது மாதிரி இருந்தது. இந்தப் பிள்ளையைத் தேற்றிவிடாமல் அனுப்பக் கூடாது என்று அன்றே முடிவு கட்டினாள். அந்த நல்லெண்ணம்தான் பின்னால் வினையானது.

பெண்கள் வார்டில் எட்டாம் கட்டிலை முனீஸ்வரியின் பொறுப்பில் விட்டாள். கட்டிலில் இருந்தவள் சின்னத்தாய். முனீஸ்வரி ஊருக்குப் பக்கத்து ஊர்தான். நடவும் களையெடுப்புமாகவே உடம்பு தேய்ந்தவள். பெருங்குடலில் கட்டி. அறுவை செய்ய வேண்டும், ஆனால் உடம்பில் சத்து இல்லை, ரத்தத்தில் புரதம் அடிமட்டத்தில் கிடந்தது. அறுவை டாக்டர் கிருஷ்ணபிரசாத் தமிழ்ச்செல்வியைக் கூப்பிட்டுச் சொன்னார்: "கொஞ்ச நாள் தாரேன். வாய் வழியா ஏத்த முடியுதான்னு பாருங்க. முடியலைன்னா சொல்லுங்க, நரம்பு வழியா சத்து ஏத்திட்டு அப்புறம் கத்தியை எடுக்குறேன். இப்படியே வெட்டுனா தையல் ஒட்டாது."

ஆக, எல்லாம் ஒரு கேள்வியில் வந்து நின்றது. சின்னத்தாய் சாப்பிடுகிறாளா? அதை எழுத வேண்டியவள் முனீஸ்வரி.

தட்டு வேளாவேளைக்குப் போனது. முட்டை, பருப்பு, பால் கலந்த கஞ்சி, சாயங்காலம் சுண்டல். தட்டு காலியாகத் திரும்பியது. வழித்துத் துடைத்த மாதிரி காலி. நோயாளிகளுக்குத் துணைக்கு வந்த ஆண்களை அந்த வார்டில் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் உள்ளே விடுவார்கள், ஊட்டிவிடுவதற்காக. நேரம் முடிந்து அவர்களை வெளியே அனுப்பிய பிறகுதான் டயட்டீஷியன்கள் ரவுண்ட்ஸ் வருவார்கள். நெரிசல் இல்லாமல் இருக்கட்டும் என்று யாரோ எப்போதோ வைத்த ஏற்பாடு. அதனால் யார் சாப்பிடுவதையும் அவர்கள் கண்ணால் பார்த்ததில்லை. தட்டைப் பார்ப்பார்கள், நோயாளியைக் கேட்பார்கள், எழுதுவார்கள்.

"சாப்டீகளா பெரியம்மா?" என்று கேட்பாள் முனீஸ்வரி.

"ஆச்சு தாயி. நீ சாப்பிட்டியா?" என்பாள் சின்னத்தாய்.

நாலைந்து நாள் இப்படிப் போனது. ஒருநாள் மத்தியானம் முனீஸ்வரி அந்த நாட்களுக்கெல்லாம் சேர்த்து எழுதிய தாளை வாசித்தாள். தட்டு காலி. நோயாளி சாப்பிட்டதாகச் சொல்கிறார். எடை அப்படியே இருக்கிறது, ஆனால் காலில் வீக்கம் தெரிகிறது, கன்னம் உள்வாங்கியிருக்கிறது. சாப்பிட்டதை நேரில் பார்க்கவில்லை. எவ்வளவு சாப்பிடுகிறார் என்பது தெரியவில்லை.

தமிழ்ச்செல்வி அந்த வாரம் வேறு ஒரு நெருப்பின் மேல் நின்றாள். தரச் சான்றிதழுக்கான ஆய்வுக் குழு வரப்போகிறது, ஃபைல்களில் ஓட்டை இருக்கக் கூடாது என்று தரப் பிரிவு அதிகாரி ஸ்ரீஜா தினமும் போன் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து 'தெரியவில்லை' என்று ஒரு வரி.

"என்ன சொல்லுச்சு அந்தம்மா?"

"ஆச்சுன்னு சொன்னாங்க மேம்."

"தட்டு?"

"காலி மேம்."

"ஆளும் சொல்லுது, தட்டும் சொல்லுது. ரெண்டு சாட்சி இருக்கையில நீ எதுக்கு நடுவுல நின்னு முழிக்கிற?"

"இல்ல மேம், கால் வீங்கியிருக்கு. எடை குறையாம இருக்கிறது கால்ல கோத்த தண்ணியாலயோ என்னமோன்னு..."

"என்னமோ! கேட்டீங்களாடி, என்னமோவாம்." மற்ற பெண்கள் சிரித்தார்கள். "புள்ள, கட்டி உள்ள ஆளுக்குக் கால் வீங்கத்தான் செய்யும். டாக்டர் இந்தத் தாளைப் பாத்துத்தேன் முடிவெடுப்பாரு. தெரியலைன்னு எழுதி அவர் கையில குடுத்தா, உன்னைய எதுக்குப் பயிற்சிக்கு அனுப்புனாகன்னு கேப்பாரு. தெரிஞ்சதை எழுது. முழுசாச் சாப்பிட்டார்னு எழுது. அம்புட்டுத்தேன்."

தமிழ்ச்செல்வி அந்தத் தாளை வாங்கினாள். சிவப்புப் பேனாவால் அடிக்கக்கூட இல்லை. ஆய்வுக்கு அடித்தல் திருத்தல் ஆகாது. இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டுப் புதுத் தாளை நீட்டினாள். முனீஸ்வரி எழுதினாள். முதல் தடவையாகக் கை நிற்காமல் எழுதினாள். தமிழ்ச்செல்வி கீழே கையெழுத்துப் போட்டாள்.

"பாத்தியா, வருதுல்ல," என்று முதுகில் தட்டிக்கொடுத்தாள்.

எட்டாம் கட்டிலை நேரில் போய் ஒரு எட்டுப் பார்த்திருந்தால் போதும். அந்தக் காலை ஒரு விரலால் அழுத்தியிருந்தால், விழுகிற குழி பட்டினி வீக்கம் என்று அவளுக்குத் தெரியாததா? இத்தனை வருடம் எத்தனை கால்களை அழுத்திப் பார்த்தவள். போகவில்லை. ஃபைல்கள் கிடந்தன.

கிருஷ்ணபிரசாத் ரத்தத்தை மறுபடி பார்த்தார். புரதம் ஏறவே இல்லை. மஞ்சள் தாளைப் புரட்டினார். எல்லா நாளும் முழுசு, முழுசு, முழுசு. நியாயமான மனுஷர் என்ன நினைப்பார்? இவ்வளவு சாப்பிட்டும் ஏறவில்லை என்றால் கட்டிதான் தின்கிறது, இனிமேல் காத்திருப்பது ஆபத்து என்று நினைப்பார். அப்படித்தான் நினைத்தார். தேதி குறித்தார். கட்டியை எடுத்தார். நரம்பு வழியாகச் சத்து ஏற்றுகிற பேச்சே எழவில்லை.

அறுவை முடிந்து மூன்றாம் நாள் முனீஸ்வரி ஐ.சி.யூ. வாசலைக் கடந்தபோது, பெஞ்சில் இருந்த ஒருவர் எழுந்து வந்தார். சின்னத்தாயின் கணவர் சோலை. வெள்ளை வேட்டி பழுப்பாகியிருந்தது. கையைப் பிசைந்துகொண்டு, தப்புச் செய்தவர் மாதிரி கேட்டார்.

"பாப்பா, ஒன்னு கேக்கணும். அவளுக்குத்தேன் இப்ப ஆகாரம் கூடாதுன்னுட்டாக, சரி. என் தட்டு எதுக்கு நின்னுபோச்சு?"

"எந்தத் தட்டுங்கய்யா?"

"எனக்குக் குடுப்பீகள்ல, அந்தத் தட்டுத்தேன். கூட இருக்கவுகளுக்கும் ஒரு தட்டு உண்டுன்னு அவ சொன்னா. நோயாளிக்கு முந்தியே குடுத்துருவாகன்னுவா, நான் உள்ள வரும்போது அவளுக்கு ஆகியிருக்கும். எனக்குள்ளத எடுத்து வச்சிருப்பா. முட்டையெல்லாம் போட்டு நல்லாத்தேன் குடுத்தீக."

முனீஸ்வரிக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. கூட இருப்பவர்களுக்கு ஆஸ்பத்திரியில் தட்டு கிடையாது. ஒரு நாளும் இருந்ததில்லை. சின்னத்தாய் தாலி ஏறிய நாளிலிருந்து அவருக்கு முன்னால் கை நனைத்தவள் இல்லை. பட்டினியாக வெளியே உட்கார்ந்திருக்கிற மனுஷனை வைத்துக்கொண்டு தான் மட்டும் முட்டை தின்ன அவளுக்கு எப்படித் தொண்டை இறங்கும்? பசியும் செத்துப்போயிருந்தது. 'எனக்கு ஆச்சு, இது உங்களுக்கு' என்று ஒரு சொல். அந்த ஒரு சொல்லை அவரும் நம்பினார், ஆஸ்பத்திரியும் நம்பியது. காலையும் மாலையும் டீயில் நனைத்த பன்னை மென்றுகொண்டு அவள் கத்திக்குப் போயிருக்கிறாள்.

முனீஸ்வரி ஓடிவந்து சொன்னாள். தமிழ்ச்செல்வி கையில் இருந்த ஃபைலை மூடக்கூட இல்லை. மாடிக்கு ஏறிப்போய்க் கிருஷ்ணபிரசாத்திடம், உடனே நரம்பு வழியாகச் சத்து ஆரம்பிக்க வேண்டும் என்றாள்.

"முழுசாச் சாப்பிட்டாங்கன்னு நீங்கதானே எழுதினீங்க?"

"அந்தக் குறிப்பு தப்பு சார்."

அவ்வளவுதான் சொன்னாள். யாருடைய தப்பு என்று சொல்லவில்லை. இப்போது உயிர்தான் முக்கியம், மற்றதை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொன்னாள். சத்து ஏற்றினார்கள். ஆனால் பசித்த உடம்பு அதற்குள் தன்னைத்தானே தின்று தீர்த்திருந்தது. உள்ளே தையல் விட்டது. சீழ் பரவியது. மறுபடி திறந்தார்கள். சின்னத்தாய்க்கு நினைவு திரும்பவே இல்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், போய்விட்டாள்.

மறுநாள் விசாரணைக் கூட்டம். நீள மேஜை, ஏசி, தண்ணீர் பாட்டில்கள். கிருஷ்ணபிரசாத், ஸ்ரீஜா, தமிழ்ச்செல்வி. கதவோரமாக, கூப்பிட்டால் பேச வேண்டும் என்று முனீஸ்வரி. தமிழ்ச்செல்வி காலையிலிருந்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் அதில் ஒரு கேள்வி இருக்கும். கிழித்துப் போட்ட தாளை ஆயா அன்றைக்கே குப்பையோடு அள்ளிப் போய்விட்டாள். அப்படி ஒரு தாள் இருந்தது என்று மாணவிகள் சொன்னால் எடுபடாது; சொல்ல வேண்டியவள் தமிழ்ச்செல்வி ஒருத்திதான். சொல்லாவிட்டால் கல்லூரிக்குக் கடிதம் போகும். முனீஸ்வரிக்குப் பட்டம் நின்றுபோகும். கொட்டாம்பட்டிக்குத் திரும்பிப்போய் அவள் என்ன சொல்வாள்?

ஸ்ரீஜா கெட்டவள் இல்லை. அவளுக்குச் சம்பளம் அதற்குத்தான். மடிக்கணினியைத் திருப்பிவைத்து அமைதியாகப் பேசினாள். "யார் மேலயும் தப்புன்னு நான் சொல்ல வரல மேடம். ஸ்டூடன்ட் மேலயும் வேண்டாம். நடந்தது நடந்தபடி இருக்கட்டும். நோயாளியோட உணவைக் கூட இருந்தவர் சாப்பிட்டுட்டார். அது உண்மைதானே? அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டார்."

"யாரு?" என்றாள் தமிழ்ச்செல்வி.

"கணவர்தான். நேத்து பாடி வாங்கும்போது."

அங்கே நடந்ததை ஸ்ரீஜாவிடமே கேட்டு வாங்கினாள் தமிழ்ச்செல்வி. சோலையை ஆபீஸில் உட்காரவைத்து ஆங்கிலத்தில் ஒரு தாளை நீட்டி, உங்கள் மனைவிக்குக் கொடுத்த சாப்பாட்டை நீங்கள்தானே சாப்பிட்டீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை, எனக்குள்ள தட்டைத்தேன் சாப்பிட்டேன் என்றிருக்கிறார். கூட இருப்பவர்களுக்குத் தட்டே கிடையாதய்யா என்று ஒருவர் விளக்கியிருக்கிறார். மனைவியின் உடம்பு உள்ளே துணி சுற்றிக் கிடக்கையில், தான் தின்றது யார் சோறு என்பது அந்த மனுஷனுக்கு அப்போதுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு எங்கே கையெழுத்து என்று மட்டும் கேட்டாராம்.

குதிரை கீழே தள்ளியதுமில்லாமல் குழியும் பறித்த கதை. தமிழ்ச்செல்விக்கு உடம்பு பற்றி எரிந்தது.

"சார்," என்றாள் கிருஷ்ணபிரசாத்தைப் பார்த்து. "அந்தப் பொண்ணு சரியாத்தான் எழுதியிருந்தா. பாக்கலை, தெரியலைன்னு எழுதியிருந்தா. கால் வீக்கத்தையும் எழுதியிருந்தா. நான்தான் கிழிச்சுப் போட்டுட்டு முழுசுன்னு எழுதவச்சேன். கட்டிலுக்கு நான் போகவே இல்ல. அந்தாள் மேல ஒரு தப்பும் கிடையாது. இதை எழுதிக்கங்க."

கிருஷ்ணபிரசாத் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். ஸ்ரீஜாதான் சொன்னாள், வருத்தத்தோடுதான் சொன்னாள்.

"நீங்க சொல்றதை நான் நம்புறேன் மேடம். ஆனா அந்தத் தாள் எங்கே? ஃபைல்ல முழுசுன்னுதான் இருக்கு, ரெண்டு கையெழுத்தோட. இல்லாத தாளை நான் எப்படி எழுதுறது? எழுதாதது நடக்காததுன்னு எங்க பிரிவு ஆளுகளுக்கும் நீங்கதானே வகுப்பு எடுத்தீங்க?"

தமிழ்ச்செல்வி தீட்டிய கத்தி, நல்ல கூராகத்தான் இருந்தது.

அதற்கப்புறம் எல்லாம் சீராக நடந்தது. அறிக்கை போனது. கூட இருந்தவர் நோயாளியின் உணவை உண்டார் என்று இரண்டு வரி. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டும் சேர்ந்து ஒரு அப்பாவி தலையில் இறங்கின. ஆய்வுக் குழு வந்தது, ஃபைல்களைப் பாராட்டியது, சான்றிதழ் கொடுத்தது. சாப்பாட்டு நேரத்திலேயே ரவுண்ட்ஸ் போக வேண்டும், நோயாளி சாப்பிடுவதைப் பார்த்துத்தான் எழுத வேண்டும் என்று தமிழ்ச்செல்வி புது விதி போட்டாள். நல்ல விதிதான். எட்டாம் கட்டிலில் அதற்குள் வேறு ஒருத்தி படுத்திருந்தாள்.

முனீஸ்வரிக்கு ஒன்றும் ஆகவில்லை. பயிற்சியை முடித்தாள். அவள் கை இப்போது நிற்பதே இல்லை. திருத்தமான எழுத்து, சந்தேகமில்லாத வரிகள். கட்டிலில் உட்கார்ந்து பேசுவதை விட்டுவிட்டாள். கடைசி நாள் சான்றிதழில் கையெழுத்து வாங்க வந்தபோது தமிழ்ச்செல்வி கேட்டாள்: "என் மேல கோவமா புள்ள?"

"தெரியல மேம்," என்றாள் முனீஸ்வரி. தாளை வாங்கிக்கொண்டு, "வாரேன்" என்று போய்விட்டாள்.

கொஞ்ச மாதம் கழித்து, இறப்புப் பதிவுக்கு ஏதோ முத்திரை வேண்டும் என்று சோலை வந்திருந்தார். கவுன்டர் பக்கத்துத் தூணோரம் நின்றவரைத் தமிழ்ச்செல்விக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. ஆள் பாதியாகியிருந்தார். கழுத்து எலும்பு வேட்டி மடிப்பு மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. மேல் சட்டை தோளில் நிற்காமல் நழுவியது. எடை போடாமலே சொல்லிவிடலாம், அவள் கண்ணுக்கு அது பழக்கம். இந்த மனுஷன் சாப்பிடுவதில்லை.

"அண்ணே, சாப்டீகளா?" என்றாள்.

"ஆச்சும்மா."

அவள் அதை நம்பவில்லை. இனிமேல் யார் சொன்னாலும் நம்புவதாக இல்லை. முத்திரை வாங்கிக் கொடுத்தாள். வேண்டாம் என்றவரை விடாமல் கேன்டீனுக்கு அழைத்துப்போய் மூலையில் உட்காரவைத்தாள். சொல்ல வேண்டியதை அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"அண்ணே, நீங்க கையெழுத்துப் போட்டீகளே, அது பொய்யிண்ணே. அக்கா சாப்பிடலைன்னு எங்க புள்ள ஒன்னு சந்தேகப்பட்டு எழுதுச்சு. நான்தேன் அதைக் கிழிச்சுப் போட்டேன். கிழிக்காம இருந்திருந்தா அக்காவுக்கு ஊசி வழியாச் சத்து ஏத்தியிருப்பாக. அக்கா போனது என்னாலண்ணே. உங்களால இல்ல."

சோலை திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது.

"நீங்க எழுதுறது கிழிக்கிறதெல்லாம் எனக்கு என்னம்மா தெரியும்," என்றார். "தின்னது நான். அவ பக்கத்துல உக்காந்து நான் திங்கிறதப் பாத்துக்கிட்டே இருப்பா. இன்னும் கொஞ்சம் வச்சுக்கங்கம்பா. நல்லாருக்குன்னு சொல்லிச் சொல்லித் தின்னேன்மா."

தமிழ்ச்செல்வி எழுந்து போய்விட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கவுன்டரில் சாப்பாடு வாங்கினாள். சோறு, சாம்பார், பொரியல், ஒரு அவித்த முட்டை. கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். சோலை கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். சோற்றைப் பிசைவதற்குக் கையை வைத்தவர், அவள் பக்கம் வெறும் மேஜையாக இருப்பதைப் பார்த்தார்.

"உங்களுக்கும்மா?"

அவள் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. ஆனாலும் வாய் பழகியபடியே சொல்லிவிட்டது.

"எனக்கு ஆச்சுண்ணே. இது உங்களுக்கு."

சோலையின் கை தட்டில் அப்படியே நின்றது. சொல்லி முடித்த பிறகுதான் தமிழ்ச்செல்விக்குத் தான் என்ன சொன்னோம் என்பது காதில் விழுந்தது. அள்ளித் திரும்ப வாயில் போட்டுக்கொள்ள முடியுமா அதை?

அவர் கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். தட்டை இரண்டு கையாலும் பிடித்து, சோறு சிந்தாமல், மெதுவாக அவள் பக்கம் நகர்த்தினார்.

"நீங்க சாப்பிடுங்க தாயி. நான் பாக்கணும்."

"அண்ணே..."

"சாப்பிடுங்க."

அவள் சாப்பிட்டாள். சோற்றைத் தண்ணீர் குடித்துக் குடித்து இறக்கினாள். முட்டையையும் தின்றாள். ஒவ்வொரு வாய்க்கும் அவர் கண் தட்டிலிருந்து அவள் வாய்வரை வந்து வந்து போனது. தட்டு காலியாகும்வரை அவர் அசையவில்லை. காலியானதும் எழுந்தார். கொட்டாம்பட்டி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார். அவருக்கு வேறு தட்டு வாங்க அவள் எழுவதற்குள் வாசலைத் தாண்டிப் போய்விட்டார்.